ஆச்சி வீட்டுக்கு ஒரு மலிவு செட்டாப் பாக்ஸ்

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஆச்சிக்கு வயது 78. டிவியில் அவள் பார்ப்பது காலைச் செய்தி, சாயங்காலம் கச்சேரியோ கோயில் நிகழ்ச்சியோ ஏதாவது ஒன்று, ராத்திரிச் செய்தி. அவ்வளவுதான். இதற்காக மாதாமாதம் டிடிஎச் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தோம். அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. சேனல்களுக்குத் தனிக் காசு. ரீசார்ஜ் முடியும் தேதி எங்கள் யாருக்கும் நினைவிருக்காது. ஆச்சிதான் போன் செய்வாள்: "ஏய்யா, டிவியில என்னமோ எழுத்துக் காட்டுது, படத்தக் காணும்." அவள் கேட்டுத்தான் நாங்கள் செய்கிறோம் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

இந்த ஆகஸ்டில் ரீசார்ஜை நிறுத்திவிட்டு, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாற முடிவு செய்தேன். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை அது. மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும் பெட்டியும் வாங்கி மாட்டினால் போதும். மலிவுப் பெட்டி ஒன்றை வாங்கி, அது ஒரு வயதான மனுஷிக்குத் தொந்தரவில்லாமல் உழைக்குமா என்று இரண்டு மாதம் சோதித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இதில் வருகிற தனியார் சேனல்களில் பெரும்பாலானவை இந்தி. தமிழில் பிரபலமான கட்டணச் சேனல்கள் இதில் கிடையாது. வீட்டில் தினசரி சீரியல் பார்க்கிறவர்கள் இருந்தால் இந்தப் பெட்டியை வாங்க வேண்டாம், மனவருத்தம்தான் மிஞ்சும். ஆச்சிக்கு வேண்டியது டிடி தமிழ். பொதிகை என்று நாம் சொல்லிப் பழகிய அதே சேனல்தான், 2024 ஜனவரியில் பெயர் மாறியது. அது இருந்தால் அவளுக்குப் போதும். அகில இந்திய வானொலியும் இதே டிஷ்ஷில் கேட்கலாம். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தும் பிஎம் இ-வித்யா சேனல்களும் உண்டு.

திருநெல்வேலியில் கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஐநூறு ரூபாய்க்குக் கிடைத்தது, படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எம்பெக்-2 மட்டும் படிக்கிற பழைய வகை. அதை உடனே ஒதுக்கினேன். ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2, எம்பெக்-4 இரண்டு வகை ஒளிபரப்பும் கலந்து வருவதால், பழைய பெட்டியில் ஒரு பகுதிதான் தெரியும். 1,300 ரூபாய்ப் பெட்டியில் வைஃபை இருந்தது, ஆச்சிக்கு அது எதற்கு? நடுவில் இருந்த 850 ரூபாய்ப் பெட்டியை எடுத்தேன். செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-எஸ்2, எம்பெக்-4 படிக்கும் எச்.264, எச்டிஎம்ஐ, பழைய டிவிக்கான ஏவி அவுட், முன்னால் ஒரு யுஎஸ்பி. அதைவிட முக்கியமாக, மின்சாரப் பகுதி பெட்டிக்குள் இல்லாமல் தனி 12 வோல்ட் அடாப்டராக இருந்தது. மலிவுப் பெட்டியில் முதலில் போவது மின்சாரப் பகுதிதான். அது வெளியே இருந்தால் அடாப்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கரண்ட் போனால் 12 வோல்ட் பேட்டரியில்கூட ஓட்டலாம். நான் யாருக்குச் சொன்னாலும் இந்த வகையைத்தான் சொல்வேன்.

ஊருக்குக் கொண்டுபோகும் முன் என் மேஜையில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கையகலப் பலகை. நடுவில் ஜிஎக்ஸ்6605எஸ் என்று பொறித்த சீன நேஷனல்சிப் நிறுவனத்தின் சிப். இந்த விலையில் வரும் பெட்டிகள் பலவற்றில் இதுதான் இருக்கும். சிக்னலைப் பிரிப்பதும் படத்தை விரிப்பதும் மெனு காட்டுவதும் எல்லாம் அந்த ஒரே சிப்பின் வேலை. எச்.264 வரை படிக்கும், அதற்கு அடுத்த தலைமுறையான ஹெச்இவிசி படிக்காது. இன்றைக்கு ஃப்ரீ டிஷ்ஷுக்கு அது குறையில்லை.

அடுத்து மல்டிமீட்டர். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்து சிக்னலைப் பிடித்துக் கேபிளில் இறக்கும் கருவிதான் எல்என்பி. அதற்கு மின்சாரம் போவதும் அதே கேபிள் வழியாகத்தான். செயற்கைக்கோள் அலை செங்குத்தாக அதிர்வது, கிடைமட்டமாக அதிர்வது என இரண்டு வகை. செங்குத்து அலை வேண்டுமென்றால் பெட்டி 13 வோல்ட் அனுப்பும், கிடைமட்டத்துக்கு 18 வோல்ட். இதைப் பார்த்துத்தான் எல்என்பி எதை எடுப்பது என்று முடிவு செய்கிறது. மெனுவில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, டிஷ் கேபிளை மாட்டும் எஃப் சாக்கெட்டின் நடுத் துளையில் அளந்தேன். 13.3, 18.1. சரியாக இருந்தது. மின்செலவையும் பார்த்தேன்: ஓடும்போது 5.8 வாட், ரிமோட்டில் அணைத்தால் 4.9 வாட். அதாவது ரிமோட்டில் அணைப்பது பெயருக்குத்தான். அப்படியே விட்டுவைத்தால் மாதம் மூன்றரை யூனிட் சும்மா போகும். சுவர் ஸ்விட்சை அணைக்கும் பழக்கம் ஆச்சிக்கு ஏற்கெனவே உண்டு, அதனால் கவலைப்படவில்லை. சுவரில் போட்டதிலிருந்து படம் வர 24 விநாடி. சேனல் மாற 2 விநாடி. இதெல்லாம் பரவாயில்லை.

செப்டம்பர் 27, சனிக்கிழமை. அம்பாசமுத்திரம் மொட்டை மாடி.

பழைய டிஷ் கைப்பிடிச் சுவரில் அப்படியே இருந்தது. 60 செ.மீ தட்டு, துரு லேசாக. ஃப்ரீ டிஷ்ஷுக்கும் இதே அளவு போதும், தட்டை மாற்றவில்லை. கேபிளைத்தான் தொட்டதும் மனம் கெட்டது. வெயிலில் மேல் ரப்பர் வெடித்து, பாதி வழியில் யாரோ ஒரு ஜாயிண்ட் போட்டு, அதன் மேல் சாதா இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூத்துப்போன செம்பு. விரல்நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஒரு முனையில் நடுக்கம்பியையும் பின்னலையும் சேர்த்துவிட்டு மறுமுனையில் அளந்தேன், 11 ஓம். இருபது மீட்டர் நல்ல கேபிளில் ஒன்றிரண்டு ஓம் தாண்டக் கூடாது. எல்என்பி சுமார் 100 மில்லி ஆம்பியர் இழுக்கும். 11 ஓம் வழியாகப் போனால் 13 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். ஆச்சி வீட்டில் மழை வந்தாலே படம் போவதாகச் சொன்னதற்கு இந்த ஜாயிண்ட்டும் ஒரு காரணம் என்பது என் தீர்மானம். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், காயும், மறுபடி இறங்கும்.

புது ஆர்ஜி-6 கேபிள் இருபது மீட்டர், ஜாயிண்ட் இல்லாமல் ஒரே துண்டாக இழுத்தேன். எஃப் கனெக்டர் மாட்டும்போது அவசரப்படக் கூடாது. மேல் உறையைச் சீவி, பின்னல் கம்பியைப் பின்னோக்கி மடித்து, வெள்ளை நுரையைத் தட்டையாக வெட்டி, நடுச் செம்பு கனெக்டரின் விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்னலின் ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். நல்ல பெட்டி அதைக் கண்டுபிடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். மலிவுப் பெட்டியில் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. அதனால் கேபிளைக் கழற்றுவதோ மாட்டுவதோ எப்போதும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான். எல்என்பிக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு வளையமாகக் கீழே தொங்கவிட்டேன். தண்ணீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது.

இப்போது திசை. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏவியது. நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து கணக்குப் போட்டால், நேர் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 28 டிகிரி திரும்ப வேண்டும். உயரம் 69 டிகிரி. அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேலே. டெல்லியில் இதே செயற்கைக்கோள் 52 டிகிரியில்தான் தெரியும். பெட்டியோடு வந்த தாளில் நிமிர்ந்து நிற்கும் டிஷ் படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நம் பக்கத்தில் வைத்தால் நாள் முழுக்கத் தேடலாம். இங்கே டிஷ் நன்றாக மல்லாந்து கிடக்க வேண்டும்.

எவ்வளவு மல்லாக்க? இந்த வகை டிஷ்ஷில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டு செங்குத்தாக நின்றாலே அதன் பார்வை சுமார் 24 டிகிரி உயரத்தில் இருக்கும். 69ல் 24 போனால் 45. தட்டைச் செங்குத்திலிருந்து 45 டிகிரி பின்னால் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆச்சி வீட்டு மாதக் காலண்டரில் ஒரு பழைய தாளைக் கிழித்து, மூலையை மடித்துச் சதுரமாக்கி, வேண்டாத பட்டையைக் கிழித்தேன். மூலைக்கு மூலை மடிப்பில் கச்சிதமாக 45 டிகிரி. தாளின் ஒரு மூலையில் தையல் நூலைக் கட்டி, நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டேன். தாளின் விளிம்பைத் தட்டின் மேலும் கீழும் வைத்த மரச்சட்டத்தோடு ஒட்டிப் பிடித்து, நூல் மடிப்புக் கோட்டின் மேல் படியும்வரை டிஷ்ஷைச் சாய்த்தேன். காற்றில் நட்டு ஆடும், அது நிற்கக் காத்திருக்க வேண்டும். இந்தக் காலண்டர் தாள் எனக்கு ஒரு மணி நேரத்தை மிச்சமாக்கியது.

அந்தத் தேதியில் போனதற்கும் ஒரு காரணம் இருந்தது. செப்டம்பர் கடைசி வாரத்தில், காலை 10.55 வாக்கில், சூரியன் அம்பாசமுத்திரத்து வானில் சரியாக ஜிசாட்-15 இருக்கும் இடத்துக்கு வரும். மார்ச் நடுவிலும் ஒருமுறை வரும், அப்போது பதினொன்றே கால் வாக்கில். ஆகவே அந்த நேரத்தில் டிஷ் மேல் வெயில் முழுசாக விழுந்தால், செயற்கைக்கோளுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் எதுவும் மறைக்கவில்லை என்று அர்த்தம். பத்தே முக்காலிலிருந்து நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தென்னையின் ஓலை நிழல் தட்டின் மேல்பாதியில் கோடு கோடாக விழுந்து கிடந்தது. மரம் அந்த உயரம் வளர்ந்து சில வருஷம்தான் ஆகியிருக்கும். முன்பு டிஷ் மாட்டியபோது அது மறைத்திருக்காது. டிஷ்ஷை அங்கிருந்து கழற்றி, நான்கடி தள்ளி, நிழல் படாத இடத்தில் சுவரில் துளை போட்டு மாட்டினேன்.

ஆச்சி கீழே டிவி முன்னால் உட்கார்ந்தாள். மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, இரண்டு கோடு தெரியும், கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்லு என்று சொல்லியிருந்தேன். மேல்கோடு சிக்னலின் பலம். எல்என்பி உயிரோடு இருந்தால் அது எந்தத் திசையிலும் அறுபது காட்டும், அதை நம்பினால் ஏமாந்துபோவோம். கீழே இருக்கும் தரம்தான் உண்மை. சரியான இடம் கிடைக்கும்வரை அது பூஜ்யத்திலேயே கிடக்கும். அதிர்வெண் 11090, செங்குத்து, சிம்பல் ரேட் (தகவல் வரும் வேகம்) 29500 என்று வைத்தேன். எல்என்பியின் உள் அதிர்வெண் 9750. கழித்தால் கேபிளில் இறங்குவது 1340 மெகாஹெர்ட்ஸ்.

டிஷ்ஷைக் கிழக்கிலிருந்து தெற்காக ஒரு விரல்கடை நகர்த்துவது, மூன்று விநாடி நிற்பது, மறுபடி ஒரு விரல்கடை. மலிவுப் பெட்டி சிக்னலைக் கண்டுபிடித்துச் சொல்ல அந்த மூன்று விநாடி எடுத்துக்கொள்கிறது. வேகமாகத் திருப்பினால் தாண்டிப் போய்விடுவோம்.

"சைபர்… சைபர்… சைபர்தான்யா… ஏய்யா, முப்பத்தியெட்டு!"

அவள் குரலில் இருந்த சந்தோஷத்தில் எனக்கு வெயிலே மறந்துபோனது. இடமும் வலமும் நுணுக்கி ஐம்பத்திரண்டு வரை கொண்டுவந்தேன். அதற்கு மேல் ஏறவில்லை. அப்போதுதான் எல்என்பியை அதன் பிடிக்குள்ளேயே திருப்பத் தொடங்கினேன். பலர் இதைச் செய்வதே இல்லை. செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லை, கிழக்கே தள்ளி நிற்கிறது. அதனால் அங்கே செங்குத்தாகக் கிளம்பும் அலை நமக்குச் சாய்ந்துதான் வந்து சேரும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அந்தச் சாய்வு கூடும். நெல்லை, குமரிப் பக்கத்தில் எல்என்பியை நேராக விட்டுவைத்தால் பாதிக்கு மேல் சிக்னலை வேண்டாமென்று தள்ளுகிற மாதிரி. ஒரு பக்கம் திருப்பினேன். "நாப்பத்தஞ்சு, நாப்பது" என்று இறங்கியது. மறுபக்கம் திருப்பினேன். "ஐம்பத்தியெட்டு… அறுபத்தஞ்சு… எழுபத்திரெண்டு… எழுபத்தொண்ணு." ஒரு நூல் பின்னால் வந்து எழுபத்திரண்டில் இறுக்கினேன். போல்ட்டை இறுக்கும்போதே டிஷ் கொஞ்சம் நகரும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கால் சுற்று, கால் சுற்றாக மாறி மாறி இறுக்கினால் அந்த நகர்வு குறையும்.

மறுநாள் ஞாயிறு காலை டிவி முன்னால் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். 10.50க்கு 72 இருந்த தரம் மெல்ல இறங்கி, 10.56க்கு 41க்கு வந்து, சில நிமிடத்தில் திரும்ப 72க்கு ஏறியது. படம் உடையவில்லை. சூரியன் டிஷ்ஷின் பார்வைக்குள் நேராக வந்து, தன் இரைச்சலை எல்என்பிக்குள் கொட்டிவிட்டுப் போனதன் அடையாளம் அது. கணக்குப் போட்ட நேரத்துக்கே அந்த இறக்கம் வந்ததைப் பார்த்தபோது, டிஷ் சரியான இடத்தைத்தான் பார்க்கிறது என்று எனக்கு முழுத் திருப்தி.

படம் வந்தது என்று எழுதிவிட்டேன். முதலில் வந்தது கறுப்பு வெள்ளையில். ஆச்சியிடம் இருப்பது 21 அங்குலப் பழைய படக்குழாய் டிவி, அதில் எச்டிஎம்ஐ கிடையாது. பெட்டியின் ஏவி அவுட் என்பது ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்று. அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்று பின் பிரியும் ஒயர். பெட்டியோடு வந்த ஒயர் குட்டையாக இருந்ததால் என்னிடம் இருந்த நீள ஒயரை மாட்டினேன். படமே இல்லை, ஸ்பீக்கரில் உர்ரென்று ஒரு இரைச்சல். அந்த ஊசியில் நான்கு வளையம் உண்டு. எந்த வளையத்தில் படம், எதில் எர்த் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறார்கள். உர் என்ற அந்த ஓசை, படச் சிக்னல் ஒலி ஓட்டைக்குள் போகிறது என்பதற்கு அடையாளம். டிவி பக்கத்தில் சிவப்பை மஞ்சள் இடத்திலும், மஞ்சளைச் சிவப்பு இடத்திலும் மாற்றிச் செருகினேன். படம் வந்தது, நிறம் இல்லை. பெட்டி அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் இருந்தது. நம் ஊர் டிவிக்கு பால் முறை வேண்டும். மெனுவில் மாற்றியதும் செய்தி வாசிப்பவரின் சேலை மாம்பழ நிறத்துக்கு வந்தது. இப்படி டிவியே கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

சேனல் தேடலில் ஏராளம் வந்தது. பாதிச் சேனல்களின் பெயருக்குப் பக்கத்தில் டாலர் குறி. இதே 93.5 டிகிரியிலிருந்து கட்டண டிடிஎச் ஒளிபரப்பும் வருகிறது, அந்தக் குறி போட்டவை இந்தப் பெட்டியில் திறக்காது. அவற்றையெல்லாம் அழித்தேன். டிடி தமிழை 1க்கு நகர்த்தி, ஆச்சிக்கு வேண்டிய ஆறேழு மட்டும் அடுத்தடுத்து வைத்து, அமைப்புப் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டேன். ரிமோட்டில் 43 பொத்தான். பவர், சேனல் ஏற்றம், சத்தம் கூட்ட, குறைக்க என நான்குக்கு மட்டும் சித்தி மகளின் சிவப்பு நகப்பாலிஷைத் தொட்டு வைத்தோம். ஏப்ரலில் சேனல் வரிசை மாறும்போது நான் போய்த் திரும்பத் தேடல் போட வேண்டும். அது இந்தச் சேவையோடு வருகிற வேலை, தப்பிக்க முடியாது.

பதிவு செய்யும் வசதியையும் பார்த்தேன். பென்டிரைவில் படம் நன்றாகப் பதிகிறது. டைமர் போட்டால் மட்டும் ஒன்றுமே பதியவில்லை. பெட்டியின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் இருந்தது, ஐந்தரை மணி நேரம் பின்னால். சரிசெய்தபின் ஒழுங்காகப் பதிந்தது. ஆனால் டைமருக்குப் பெட்டி சுவர் ஸ்விட்சில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆச்சி வீட்டில் அது நடக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

அக்டோபர் முழுக்க ஒரு போன்கூட வரவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் ஒருநாள் சாயங்காலம் வந்தது. மழையில்லாத நேரத்திலேயே பெட்டி பெயரைக் காட்டுகிறது, அணைகிறது, மறுபடி பெயரைக் காட்டுகிறது, இதையே செய்துகொண்டிருக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். சுவரில் அணைத்து, டிஷ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போட்டேன். பெட்டி ஒழுங்காக எழுந்து, சிக்னல் இல்லை என்று காட்டி நின்றது. கேபிளை மாட்டிப் போட்டால் மறுபடி அதே சுற்று.

யாராக இருந்தாலும் எல்என்பியில் ஷார்ட் என்றுதான் சொல்வார்கள். நானும் முதலில் அங்கேதான் பார்த்தேன். எல்என்பி இழுத்தது 95 மில்லி ஆம்பியர், குறையில்லை. அப்புறம்தான் அடாப்டரைச் சந்தேகித்தேன். சும்மா அளந்தால் 12.1 வோல்ட், பார்க்க நல்ல பிள்ளை. பைக்கில் போடுகிற 12 வோல்ட் 10 வாட் பல்பு ஒன்றை அதில் கட்டி அளந்தேன். பல்பு மங்கலாகத் துடித்தது, மீட்டரில் 8.6. தனியாகப் பெட்டியை மட்டும் தாங்குகிறது, எல்என்பியின் சுமையும் சேர்ந்தால் குனிந்துவிடுகிறது. அடாப்டரைச் சுமையில்லாமல் அளந்து நல்லது என்று முடிவுகட்டுவது பழுதுபார்ப்பில் சகஜமாக நடக்கும் தவறு.

அதைத் திறந்தேன். ஒட்டுப் போட்ட மூடி, கத்தியால் விளிம்பைக் கீறி நெம்ப வேண்டியிருந்தது. (அடாப்டருக்குள் மின்சாரம் நுழையும் பக்கத்துக் கெப்பாசிட்டரில், பிளக்கைக் கழற்றிய பின்னும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம், புது அடாப்டரே நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கும்.) வெளியே போகும் பக்கத்தில் 470 மைக்ரோபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர். அதன் தட்டையாக இருக்க வேண்டிய தலை இட்லி மாதிரி உப்பியிருந்தது. தலையில் கீறியிருக்கும் சிலுவைக் கோட்டின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கசிவு. 12 வோல்ட் ஓடும் இடத்தில் 16 வோல்ட் கெப்பாசிட்டர் போதாது என்று சொல்ல முடியாது. ஆனால் மூடிய டப்பாவுக்குள், டிரான்ஸ்பார்மரை ஒட்டி, அந்தச் சூட்டில் மலிவுச் சரக்கு தாங்காது. அதற்குப் பதில் 1000 மைக்ரோபாரட், 25 வோல்ட், 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர், விலை 12 ரூபாய். சற்றுப் பெரிதாக இருந்ததால் படுக்கவைத்துப் பற்றவைத்தேன். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், அதை இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். மூடியை மறுபடி ஒட்டுவதற்கு முன் பல்பைக் கட்டி அளந்தேன். 11.9, ஆடாமல் நின்றது.

850 ரூபாய்ப் பெட்டி, கேபிள், கனெக்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 1,310 ரூபாய். பழைய டிஷ்ஷும் எல்என்பியும் இருந்ததால் இந்தக் கணக்கு. பெட்டியின் பலகையில் இதுவரை ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதோடு கொடுத்த அடாப்டரில்தான். வாங்குகிறவர்கள் முதல் நாளே ஒரு நல்ல 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை மாற்றிவிட்டால், நான் போட்ட இந்த ஒரு நடையும் மிச்சம்.

மழை விஷயம் பாக்கி. இந்த அலையின் நீளம் சுமார் 2.7 செ.மீ. பெருந்துளி மழை அதை நன்றாகவே தின்னும். ஆனால் நமக்கு டிஷ் 69 டிகிரியில் மேலே பார்ப்பதால், மழைக்குள் அலை கடக்கும் தூரம் குறைவு. மல்லாந்த டிஷ்ஷின் நன்மை அது. நவம்பரில் நான் அங்கே இருந்த ஒரு ராத்திரி, ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தபோது தரம் 72லிருந்து 46க்கு வந்தது. படம் உடையாமல் ஓடியது. அதைவிடப் பலத்த மழையில், இடியோடு, 30க்குக் கீழே போய் ஐந்தாறு நிமிடம் கட்டம் கட்டமாக உடைந்தது. இடி என்றால் எப்படியும் அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

சிக்னல் பக்கத்தைத் திறக்க ஆச்சி தானே கற்றுக்கொண்டுவிட்டாள். மெனு, கீழே இரண்டு, ஓகே. இப்போது மழை நாளில் போன் வந்தால் முதலில் எண்ணைத்தான் சொல்கிறாள்: "ஏய்யா, இன்னைக்கு நாப்பத்தொம்பதுதான். ஆனா செய்தி ஓடுது. நீ வர வேண்டாம்."